ஓதென் எழுதி வைத்த சீட்டு

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் மெய்ஜி பேரரசர் காலத்தில் வந்த 'தொகுஃபு', அதாவது விஷப் பெண் கதைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கொலைகாரியின் கதையை ரத்தம் சொட்டச் சொட்டச் சொல்லிவிட்டு, 'இப்படி ஆகிவிடாதீர்கள்' என்று புத்தியும் சொல்வது வெறும் வியாபாரத் தந்திரம்தானே?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வியாபாரம்தான், சந்தேகமில்லை. அந்த விஷப் பெண்களில் ஒருத்தி தகஹாஷி ஓதென்; கொலைக் குற்றத்துக்காக அவள் தலை வெட்டப்பட்டது 1879 ஜனவரி கடைசியில். சில மாதங்களுக்குள் கனகாகி ரோபுன் என்ற எழுத்தாளர் அவள் கதையைப் படங்களோடு புத்தகமாக்கி விற்றுவிட்டார்; கபுகி நாடக மேடையிலும் ஏறிவிட்டது.

ஆனால் ரோபுனுக்கு வேறொரு கட்டாயமும் இருந்தது. பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர்களும் ஜனங்களுக்கு நல்லது போதிக்க வேண்டும் என்றது புதிய அரசு. 'இனி அப்படியே எழுதுகிறோம்' என்று 1872இல் எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர் இவர். ஆக, எச்சரிக்கை அவருக்கு லைசென்ஸ் மாதிரி.

புத்தகத் தலைப்பிலேயே அவளை 'யாஷா' என்கிறார். நம் யட்சன், யட்சி இருக்கிறார்களே, அதே சொல்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. பிறவிப் பேய் என்று சொல்லிவிட்டால் மற்ற எதையும் விளக்க வேண்டியதில்லை, பாருங்கள். நிஜத்தில் அவள் கணவனுக்குத் தொழுநோய். ஊரைவிட்டு யோகோஹாமாவுக்குப் போனார்கள். 1872இல் அவன் இறந்தான். அப்புறம் இன்னொருவனோடு வாழ்க்கை, கழுத்துவரை கடன். 1876 ஆகஸ்டில் டோக்கியோவின் அசகுசா பகுதியில் ஒரு விடுதியில், பழைய துணி வியாபாரி ஒருவரைச் சவரக்கத்தியால் கழுத்தறுத்துவிட்டுப் பணத்தோடு போனாள். (பெயர்தான் விஷப் பெண். விஷமே கிடையாது.) அவள் தலை போனது இந்த ஒரு கொலைக்காக. கதைகள் கணவன் சாவையும் அவள் தலையில் கட்டின.

எனக்கு இதில் பிடித்த இடம் ரோபுன் புத்தகத்தில் இல்லை. ஓதெனைப் பற்றிய முதல் கட்டுக்கதையை ஓதெனே எழுதினாள். அக்காவைக் கொன்றவனைப் பழிதீர்த்தேன் என்று பிணத்தருகே ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள். சாமுராய் காலத்தில் அதிகாரிகளே அனுமதி கொடுத்த காரியம் அது. நாடகத்தில் வந்தால் கைதட்டல் விழும். ஆனால் 1873இலேயே அரசு அதைத் தடை செய்துவிட்டது. தெரிந்து எழுதினாளோ, தெரியாமல் எழுதினாளோ. விசாரணையிலும் இந்த அக்கா கதையைச் சொன்னாள். நீதிமன்றம் நம்பவில்லை.