வெளிநாட்டுத் தியானம்: வெற்று செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. கேரளத்தில் பாறசாலை பக்கம் ஊர். எங்கள் ஜெபக் குழுவில் 19 பேர், மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் மெஜுகோரிக்கு ஒரு வாரத் தியானத்துக்குப் போகிறோம். குரோஷியாவில் ஸ்பிலிட் விமான நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் போய், அதே வழியில் திரும்புவதாகத் திட்டம். ஏஜென்ட் ஆளுக்கு 60,000 ரூபாய் முன்பணம், அசல் பாஸ்போர்ட், கையெழுத்திட்ட ஒரு வெற்று செக் என்று மூன்றையும் கேட்கிறார். கணவர் இல்லாத பெண்ணுக்கு விசா கஷ்டம், செக் இருந்தால்தான் பொறுப்பேற்பேன் என்கிறார். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா?

பதில்: அம்மா, செக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்கு அது ஜாமீன் என்பார்கள். எந்தத் தூதரகமும் அப்படி ஒரு செக்கைக் கேட்பதில்லை. அதில் என்ன தொகை எழுதுவது என்பது அவர் கையில் இருக்கும். செக் திரும்பினால் கோர்ட்டுக்கு அலைவது நீங்கள். கணவர் இல்லாத பெண்ணுக்கு விசா இல்லை என்று ஒரு விதியும் கிடையாது. உங்கள் பென்ஷன் ஆவணம், வங்கிக் கணக்கு விவரம், வீட்டுக்குக் கரம் (வரி) கட்டிய ரசீது இவைதான் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்குச் சாட்சி. மலையாளத்தில் இருக்கிற ரசீதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் போட்டுக் காட்டி, பிறகு எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விசா அதிகாரிகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாஸ்போர்ட்டுக்கும் அதே பதில்தான். கைரேகை வைக்க நீங்களே விசா மையத்துக்குப் போகத்தான் வேண்டும். அன்றைக்கு உங்கள் கையால் கொடுங்கள். அதுவரை ஏஜென்டுக்கு நகல் போதும். பாஸ்போர்ட்டை மாதக்கணக்கில் பூட்டி வைத்துக்கொண்டு, விலக நினைப்பவரிடம் மீதிப் பணத்தைக் கட்டச் சொல்வது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை.

இனி பணம். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்ப வராது. விசா மையத்தின் சேவைக் கட்டணமும் அப்படித்தான். இது எனக்கே ஆற்றாமைதான். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பார்கள், நாள் ஒதுக்கீடு கேட்டால் இருக்காது. பதினைந்து நாளில் முடிவு என்பார்கள், நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் உண்டு. கடைசியில் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, 'திரும்புவீர்கள் என்பதில் சந்தேகம்' என்று அனுப்பிவிடுவார்கள். பணம் கட்டிய மனிதருக்கு நான்கு வரி விளக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மீதிப் பணம் வேறு கதை. விசாவுக்கு விண்ணப்பிக்க டிக்கெட் முன்பதிவு காட்டினால் போதும், முழுப் பணம் கட்டி வாங்கியிருக்க வேண்டியதில்லை. அதனால் 60,000-த்தில் விசாவுக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு, டிக்கெட்டுக்கு எவ்வளவு, மறுத்தால் எது எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். குழுத் தலைவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். டி.சி.எஸ். என்று, வெளிநாட்டுப் பயணப் பணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியைப் பிடித்தால் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்க வேண்டும். ஏமாற்றினால் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. மெஜுகோரி குரோஷியாவில் இல்லை. போஸ்னியாவில் இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் ஒன்று. போஸ்னியா ஷெங்கனுக்கு வெளியே. தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையை பஸ் கடக்கிற மாதிரி அந்த எல்லையைக் கடக்க முடியாது. ஒரே நுழைவு உள்ள ஷெங்கன் விசாவில் போனால், போஸ்னியாவுக்குள் பஸ்ஸை விட்டாலும் அந்த விசா அத்தோடு தீர்ந்துவிடும். திரும்பி ஸ்பிலிட்டுக்கு வர முடியாது. தியானம் முடிந்து எல்லையில் நிற்பீர்கள். பல நுழைவு விசா இருந்தால் போஸ்னியாவுக்குத் தனி விசா தேவையில்லை, 30 நாள் வரை இருக்கலாம். இந்தச் சலுகை பல நுழைவுக்குத்தான். ஸ்டிக்கரில் 'நுழைவுகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் 01 இருந்தால் பயணமே இல்லை. 02 இருந்தால் குரோஷியாவுக்குத் திரும்ப வழி உண்டு; ஆனால் போஸ்னியாவின் சலுகையை அதை வைத்து நம்பாதீர்கள், டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள் அல்லது போஸ்னியா விசா எடுங்கள். MULT என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் நிம்மதி. எனவே விண்ணப்பத்திலேயே பல நுழைவு கேட்டிருக்கிறதா, பயணத் திட்டத்தில் போஸ்னியா எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாள் சீக்கிரம் கிடைக்கிறது என்று, நீங்கள் போகாத வேறொரு நாட்டின் பெயரில் விண்ணப்பிக்கிறவர்கள் பயணத் திட்டத்தில் போஸ்னியா என்ற வரியைத்தான் மறைப்பார்கள்.

நோட்டீஸில் 'வத்திக்கான் அங்கீகாரம்' என்று போட்டிருந்தால் அதில் மயங்க வேண்டாம். மெஜுகோரிக்குத் திருப்பயணங்கள் ஏற்பாடு செய்யப் போப் பிரான்சிஸ் 2019-ல் அனுமதித்தார், 2024 செப்டம்பரில் அங்குள்ள பக்தி முயற்சிக்குத் தடையில்லை என்று வத்திக்கான் சொன்னது. எந்த டிராவல்ஸுக்கும் அது கொடுத்த சான்றிதழ் இல்லை.

அப்புறம், 19 பேரின் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். கடைசி நேரத்தில் உங்கள் பங்குத்தந்தைக்கே தெரியாத இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருந்தால் யார் என்று கேளுங்கள். வேலைக்காக ஐரோப்பாவில் இறங்கிக் காணாமல் போக லட்சக்கணக்கில் கட்டியவர்களைத் தியானக் குழுவில் ஒளித்து அனுப்புகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அகப்பட்டால் குழு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும். சரியான பதில் வராவிட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்.