நைனா உப்பைக் குறைக்க மாட்டேன்கிறார்

வணக்கம். ராயபுரத்தில் இருக்கிறோம். நைனாவுக்கு 66 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரஷர் எப்போது பார்த்தாலும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் தலை சுற்றினால்தான் மாத்திரை போடுவார், கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, போதாததற்குத் தட்டு ஓரத்தில் ஊறுகாய் வேறு. ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்தேன்; டீக்கடைக்குப் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து என் எதிரிலேயே வாயைத் துடைக்கிறார். வாட்ஸ்அப்பில் டாக்டர் வீடியோ அனுப்பினால் திறப்பதே இல்லை. "மூட்டை தூக்கின உடம்பு இது, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்கிறார். அழுதும் பார்த்தாச்சு. என்ன செய்ய?
- ஒரு மகள்

பசிக்கா தின்றார் அந்த பஜ்ஜியை? வீம்புக்குத் தின்றது அது. தன் இஷ்டத்தில் யாராவது கை வைத்தால் மனிதர்கள் அதையே இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே எழுதிவிட்டார். அதிலும் இத்தனை வருஷம் சம்பாதித்துப் போட்டவரிடம் பெற்ற மகளே ஜாடியை ஒளித்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஜாடியை எடுத்த இடத்தில் வையுங்கள். வீடியோவை நிறுத்துங்கள். அப்புறம் அவர் நல்ல மூடில் இருக்கிற ஒரு சாயங்காலம், "நைனா, தினமும் மாத்திரை போடணும்னு உனக்கே எவ்வளவு தோணுது, பத்துக்கு எத்தனை போடுவே?" என்று கேளுங்கள். மூன்று என்பார். "ஏன் மூணுதான்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், சாக்கு வரிசையாக வரும். "ஏன் சைபர் சொல்லலை?" என்று கேளுங்கள். கூட வேலை பார்த்தவருக்குக் கை கால் விழுந்துடுச்சு, பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும் என்று அவர் வாயிலிருந்தே காரணம் வரும். அதோடு விட்டுவிடுங்கள். நாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறிவுரையோடு உள்ளே புகுந்து காரியத்தைக் கெடுக்கிறோம்.

கருவாட்டை அடியோடு விடச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் விட்டாலே கொஞ்சம் குறையும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்றைக்குக் கருவாடா ஊறுகாயா என்பதை அவரே சொல்லட்டும்.

மாத்திரையைத் தள்ளிப்போட முடியாது, தலை சுற்றாத அன்றும் பிரஷர் உள்ளே ஏறியிருக்கும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வருகிறவர் நைனாவிடமே பேசட்டும், நடுவில் "தினமும் போடறதே இல்லை மேடம்" என்று நீங்கள் போட்டுக் கொடுக்காமல் இருந்தால் சரி.