பொதுக் கொள்கை படிக்கக் கடன் வாங்கலாமா?

ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 24, பி.இ. முதல் வகுப்பு, பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வை இரண்டு முறை எழுதியும் தாண்ட முடியவில்லை. "அரசுத் திட்டங்கள் மக்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதற்காக வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பொதுக் கொள்கையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். கல்விக் கடன் வாங்கிச் சேரலாமா, குரூப் 1-க்கே படிக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போது கடன் வாங்காதீர்கள். படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அரசாணையில் தொடங்கி பயனாளியின் கை வரைக்கும் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள், பார்த்ததை எழுதிப் பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்த பிறகு கடனைப் பற்றி யோசிக்கலாம். குரூப் 1 தயாரிப்பையும் விட வேண்டாம், அரசுப் பணியும் கொள்கை ஆய்வும் (அரசுத் திட்டம் எப்படி நடக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று ஆராய்வது) பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான், வாசல்தான் வேறு. 2024-இல் யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 1,056, எழுத முயல்பவர்களோ பல லட்சம் பேர். அந்த ஒரு வாசலில் மட்டுமே நின்றுகொண்டிருக்கும் எத்தனையோ நல்ல பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் ஆறு மாதம் என்கிறேன் என்றால், இந்தத் துறையில் எனக்கு முதல் பாடம் வகுப்பறையில் கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மகப்பேறு உதவித் தொகை பற்றி ஒரு கள ஆய்வுக்குப் போனேன். வினாப்பட்டியலில் 'உதவித் தொகை கிடைத்ததா?' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பத்து வீட்டில் ஒன்பது வீடு 'ஆம்'. திட்டம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனேன். பதினோராவது வீட்டில் ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, "நீங்களே பாருங்க சார்" என்று நீட்டினார். பணம் வந்திருந்தது, ஆனால் குழந்தைக்கு ஒன்றே கால் வயது ஆன பிறகு வந்திருந்தது. வங்கிக் கணக்கு கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது, அதில் அப்பாவின் இனிஷியல். விண்ணப்பத்தில் கணவரின் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திரும்பியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் முட்டையும் பழமும் வாங்க வந்திருக்க வேண்டிய பணம், அடகில் கிடந்த கம்மலை மீட்கத்தான் உதவியது. முந்தைய பத்து வீட்டுக்கும் திரும்பிப் போய்ப் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், ஆறு வீட்டில் இதே தாமதம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. 'எந்தத் தேதியில் கிடைத்தது' என்று கேட்டிருக்க வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் நாடே தடுமாறிய கதையும் உண்டு. மத்திய அரசு வீடு வீடாகப் போய் எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆவது சுற்றில், 1999-2000-இல், உணவுச் செலவை 'கடந்த 7 நாளில் எவ்வளவு', 'கடந்த 30 நாளில் எவ்வளவு' என்று ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு வரும், ஏனென்றால் ஒரு மாதத்துச் செலவு அவ்வளவு ஞாபகம் இருக்காது. சேர்த்துக் கேட்டதும் ஒரு பதிலுக்கு ஏற்றபடி இன்னொரு பதில் அமைந்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்தது. இந்தச் செலவுக் கணக்கை வைத்துத்தான் வறுமையை அளந்தார்கள் என்பதால், வறுமை உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார நிபுணர்கள் வருடக்கணக்காக வாதாடினார்கள். ஒரு கட்டத்தை எங்கே வைப்பது என்பதில் இவ்வளவு இருக்கிறது. நல்ல படிப்பு சொல்லித்தர வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

அடுத்தது, ஒப்பிடக் கற்றுக்கொள்வது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' நினைவிருக்கும், தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் பயன் இருந்ததா என்று எப்படிச் சொல்வது? பள்ளி திறந்தாலே பிள்ளைகள் கொஞ்சம் தேறிவிடுவார்களே. நல்லவேளையாக, தமிழ்நாட்டின் நான்கு மாவட்டக் கிராமங்களில் கொரோனாவுக்கு முன்பே, 2019-இல், குழந்தைகளின் கணக்கு, மொழித் திறனை ஒரு ஆய்வுக் குழு அளந்து வைத்திருந்தது. பள்ளி திறந்த பிறகு அதே கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை மறுபடி அளந்தார்கள். இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்திருந்தது, அந்த மீட்சியில் 24 சதவீதத்துக்கு இந்தத் திட்டம் காரணம் என்று கணக்கிட்டார்கள். முன்னால் எடுத்து வைத்த அளவு இல்லாமல் இருந்திருந்தால் 'நன்றாக நடந்தது' என்று ஒருவரும் 'வீண் செலவு' என்று இன்னொருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் என்ன செய்வது? ஒரு கேள்வியை நானே தருகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவமனை வரைக்கும் வந்துவிடுகிற ஊரில் இரும்புச்சத்து மாத்திரை எங்கே நின்றுபோகிறது? இதை உங்கள் ஒன்றியத்தில் மட்டும் பாருங்கள், மாநிலம் முழுவதும் வேண்டாம்.

முதலில் சுகாதாரத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள், மானியக் கோரிக்கையின்போது, அதாவது தனக்கான நிதிக்கு ஒப்புதல் கேட்கும்போது, ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைப்பது, தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். அப்புறம் பட்ஜெட் ஆவணத்தில் அந்தத் தலைப்புக்கு நேரே இருக்கும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவான கணக்கு மூன்றையும் ஒரு எக்செல் தாளில் ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். மூன்றும் எங்கே விலகுகின்றன என்று பார்த்தாலே பாதிக் கேள்விகள் தானாக எழும். மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் அமைத்தது, மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் எடுக்கும் மருந்துக்கு ஒரு பாஸ்புக் வைத்திருப்பதுதான் அதன் பலம். பதிவேட்டில் இருப்பு எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆனால் நேரம் முழுவதையும் காகிதத்தில் செலவழிக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் அனுமதி கேட்டு ஒருநாள் கூடவே போங்கள். அவர் பையில் எத்தனை பதிவேடு இருக்கிறது, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடிகிறது என்று பாருங்கள். பெண்களிடம் 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று கேட்க வேண்டாம், 'மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்' என்று கேட்டு மிச்சத்தை எண்ணுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, மாமியார் குழந்தை பெரிதாகிவிடும் என்கிறார் என்றெல்லாம் வரும். இப்படி வருகிற காரணங்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் நடையில் மாற்றிவிடாதீர்கள். பெயரும் வீட்டு எண்ணும் குறிப்பேட்டில் வேண்டாம். கிராம சபைக்கும் போங்கள், 2022-இலிருந்து தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கூட்டம். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம், கேளுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் இரண்டே பக்கத்தில் எழுதுங்கள். ஒரு துறைச் செயலாளர் அடுத்த கூட்டத்துக்குப் போகிற வழியில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். என்ன மாற வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், எவ்வளவு செலவு, எந்த அரசாணையின் எந்தப் பத்தி, இவ்வளவும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அதைப் படித்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இதற்குள் வகுப்புக்கும் வழி இருக்கிறது. பொருளாதாரமும் தரவும் சேர்ந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இணையவழி வளர்ச்சிக் கொள்கைப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழுக்கு மட்டும்தான் பணம். பெங்களூருவில் பொதுக் கொள்கை சொல்லித்தரும் தக்ஷசிலா நிறுவனத்தின் இணையவழிச் சான்றிதழ் படிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும். எக்செல் கைவந்த பிறகு, புள்ளிவிவரங்களை அலச உதவும் 'ஆர்' என்ற கணினி மொழி பழகுங்கள், மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் தொழிலாளர் ஆய்வின் மூலத் தரவே இலவசமாகக் கிடைக்கிறது.

பிறகு இரண்டு வாய்ப்பு உங்களுக்கு நேராகப் பொருந்தும், இரண்டிலும் பணம் கட்ட வேண்டாம், அவர்களே உதவித்தொகை தருவார்கள். ஒன்று, சட்ட மசோதாக்களை ஆராய்ந்து எழுதும் பி.ஆர்.எஸ். அமைப்பின் லேம்ப் ஃபெல்லோஷிப். டெல்லியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஆய்வு உதவியாளராக இருக்க வேண்டும். வயது 25-க்குள் என்பதால் உங்களுக்கு இதுதான் அவசரம். இன்னொன்று, 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். இரண்டு வருடம் துறைகளோடு வேலை, கூடவே பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் வழியாகப் பொதுக் கொள்கைப் படிப்பு, முதல் அணியில் 30 பேர். தொழிற்கல்விப் பட்டத்தில் முதல் வகுப்பு கேட்டார்கள், அது உங்களிடம் இருக்கிறது. தமிழ் தெரிந்திருப்பது கட்டாயம், அதில் தமிழ் வழியில் படித்த உங்களுக்குக் கை ஓங்கும். வருடாவருடம் அறிவிப்பு வருவதில்லை, அதனால் கண் வைத்துக்கொண்டே இருங்கள்.

அதற்குப் பிறகும் முதுநிலை வேண்டும் என்று தோன்றினால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் பாருங்கள், பின்னதில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். ஆராய்ச்சியில் இறங்க ஆசை என்றால் அடையாறில் 1971-இல் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கிராமத்தோடு ஒட்டிய படிப்புக்குத் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம், கட்டணமும் குறைவு. எங்கே சேர்வதானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: களத்தில் எத்தனை வாரம், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு 'முன்னணி நிறுவனங்களில்' என்று பொத்தாம் பொதுவாகப் பதில் வந்தால் அங்கே கடன் வாங்கிச் சேராதீர்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஆய்வு நிறுவனங்கள், துறைகளின் திட்டக் கண்காணிப்புப் பிரிவுகள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். நிதி நின்றால் வேலையும் நிற்கும். மாதத் தவணை கழுத்தில் இருக்கும்போது இந்த வாழ்க்கை கஷ்டம், முதல் வரியிலேயே கடன் வேண்டாம் என்றது இதனால்தான். நேர்முகத்தில் அவர்கள் 'ஏதாவது எழுதியிருக்கிறீர்களா' என்று கேட்பார்கள், அப்போது உங்கள் ஒன்றியத்து மாத்திரைக் கணக்கு இருக்கும் அந்த இரண்டு பக்கத்தை எடுத்து மேசையில் வையுங்கள்.