தண்ணீர் பயம்: நீச்சல் மாஸ்டரின் பதில்கள்

பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருவது என் வேலை. சின்ன வயசில் ஒட்டிக்கொண்ட பயத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஏழு வயசில் மாமா கிணற்றில் தள்ளிவிட்டார். இப்போது 38 வயது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே நடுங்குகிறது. இனிமேல் கற்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் நீச்சலில் ஆரம்பிக்காதீர்கள், எழுந்து நிற்பதில் ஆரம்பியுங்கள். உங்களைப் போல வருகிறவர்களை மூன்றரை அடி ஆழத்தில், ஓரக் கம்பியைப் பிடித்துக் குப்புற மிதக்கச் சொல்வேன். எழ வேண்டுமானால் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, உள்ளங்கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்தி, அப்புறம்தான் தலையைத் தூக்க வேண்டும். பாதம் தானாகத் தரைக்கு வரும். புதியவர்கள் அவசரத்தில் தலையை முதலில் தூக்குவார்கள். கால் பின்னால் மிதந்துகொண்டிருக்கும், ஊன்ற முடியாமல் தண்ணீர் குடிப்பார்கள்.

கிணற்றில் உங்களைக் கலங்கடித்தது ஆழம் மட்டுமில்லை, வெளியே வரும் வழி உங்கள் கையில் இல்லாததும்தான். நினைத்த நேரத்தில் எழுந்து நிற்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதி நடுக்கம் அடங்கும். ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1950களில் வகுத்த சிகிச்சையும் கிட்டத்தட்ட இதே வழிதான்: தாங்கக்கூடிய அளவில் தொடங்கு, அது அடங்கிய பிறகே அடுத்த படி. குளத்துப் பக்கமே போகாமல் இருந்தால் பயம் போகாது, வளரத்தான் செய்யும்.

கேள்வி: முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சு முட்டுகிறது. மூக்கிலும் ஏறிவிடுகிறது.

பதில்: மூச்சை அடக்குகிறீர்கள், அதுதான் கோளாறு. முட்டுகிற உணர்வு பெரும்பாலும் உள்ளே கரியமில வாயு சேருவதால் வருவது. வீட்டில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே முகத்தை இறக்குங்கள். மூக்கு வழியே குமிழி வரும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் உள்ளே ஏறாது. சளி பிடித்திருக்கும்போது மட்டும் வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் மிதக்கிறார்கள், என் கால் மட்டும் கீழே போகிறது. உடம்பு வாகா?

பதில்: கொஞ்சம் வாகுதான். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும், எடை இடுப்புப் பக்கம் இருப்பதால் கால் தாழும். மல்லாக்கப் படுத்து, காது நனையும்வரை தலையைச் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டுங்கள். அப்படியும் கால் தாழ்ந்தால் தாழட்டும். முகம் வெளியே இருந்தால் போதும்.

கேள்வி: ஐந்து வயசுப் பையனுக்குச் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கலாம் என்கிறார் மாமனார். ‘நாங்களெல்லாம் அப்படித்தான் கற்றோம்’ என்கிறார்.

பதில்: சுரைக்குடுக்கையில் தப்பில்லை, இடுப்பில் கயிறு கட்டி மேலே ஒருவர் பிடித்திருப்பதும் நல்ல பழக்கம்தான். தப்பு, சொல்லாமல் தள்ளிவிடுவது. கிணற்றில் கால் ஊன்ற இடமும் கிடையாது. முதலில் ஆழமில்லாத குளத்தில் விளையாடட்டும். தாத்தாவையும் கூட இறக்குங்கள், பையன் ஒட்டிக்கொள்ள ஆள் வேண்டுமே!

கேள்வி: நீச்சல் உடை கூச்சமாக இருக்கிறது. சுடிதாரில் இறங்கலாமா?

பதில்: வேண்டாம். துணி நனைந்து கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது.

கேள்வி: குளத்தில் பயம் போய்விட்டது. காவிரியில் இறங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மணல் அள்ளிய ஆற்றில் முழங்காலளவு தண்ணீருக்கு அடுத்த எட்டிலேயே ஆளை முழுங்கும் குழி இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் குளிக்கும் துறையில் மட்டும், துணையோடு இறங்குங்கள். யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். கயிறோ வேட்டியோ வீசுங்கள், மூடிய காலி பிளாஸ்டிக் கேனும் ஆளைத் தாங்கும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், அதனால் கூட வந்தவர்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.