ஒரே போர்டில் எட்டு டாக்டர் பெயர்: அம்மாவின் முழங்காலை யாரிடம் காட்டுவது?

கேள்வி: சென்னையில் அம்மாவின் முழங்கால் வலிக்கு நல்ல எலும்பு டாக்டரை எப்படித் தேடுவது? எங்கள் தெரு கிளினிக் போர்டில் எட்டு டாக்டர்கள் பெயர் போட்டிருக்கிறார்கள். அது என்ன ஏற்பாடு?

மேற்கு மாம்பலத்தில் ஒரு பாலிகிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேசையில் சில வருடம் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரி போர்டுகள் எனக்கு நல்ல பழக்கம்.

போர்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குழு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். பாலிகிளினிக்கில் அப்படி இல்லை. அறை கிளினிக்காரருடையது. டாக்டர் தன் நேரத்துக்கு வந்து பார்த்துவிட்டு, வாடகையோ ஃபீஸில் ஒரு பங்கோ கொடுத்துவிட்டுப் போவார். செவ்வாய் வரும் எலும்பு டாக்டருக்கும் வியாழன் வருபவருக்கும் முகப்பழக்கம்கூட இருக்காது. ஒருவர் எழுதிய மருந்து இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் கையில் இருக்கும் மஞ்சப்பைதான் ஃபைல். பழைய எக்ஸ்ரே, சீட்டு எல்லாம் அதில் இருக்கட்டும்.

அசல் குரூப் பிராக்டிஸ் என்பது நாலைந்து எலும்பு டாக்டர்கள் சேர்ந்து நடத்துவது. ஒருவர் முழங்கால், இடுப்பு பார்ப்பார், ஒருவர் முதுகுத்தண்டு, இன்னொருவர் தோள்பட்டை. ஃபைல் ஒன்றுதான். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் கதை வேறு: பெயர் சீனியருடையது, அடுத்த முறை போனால் பார்ப்பது அவர் டீமில் இருக்கும் ஜூனியர். தையல் பிரிக்க ஜூனியர் போதும், அதில் தப்பில்லை. ஆனால் கத்தி வைக்கப்போவது யார் என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. என் மேசைக்கு வந்தவர்களில் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு: "ஆபரேஷன்னு வந்தா டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில பண்ணுவார்?" சென்னையில் ஒரே டாக்டர் சாயங்காலம் இரண்டு மூன்று இடங்களில் உட்காருவார், ஆபரேஷன் வேறெங்கோ செய்வார். அந்த ஆஸ்பத்திரி உங்கள் இன்ஷூரன்ஸின் கேஷ்லெஸ் பட்டியலில் இல்லையென்றால் முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் புரட்ட வேண்டும். ரூமின் வகையைப் பொறுத்தும் பில் ஏறும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆகவே எஸ்டிமேட் வாங்கும்போது மூட்டுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. ஆர்த்தோ, டி.ஆர்த்தோ இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். அதற்குமேல் வரிசையாக நிற்கும் ஃபெல்லோஷிப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். சில வாரப் பயிற்சிக்கும் அந்தப் பெயர்தான். சீட்டில் இருக்கும் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். கூகுள் ஸ்டார்களைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

இன்னொன்று, அம்மாவுக்கு முழங்காலோடு கைவிரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்தால் அரை மணிக்கு மேல் விறைப்பு இருக்கிறதா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத டாக்டரை. வெறும் தேய்மானம் என்றால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். படுக்கவைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. எழுதினால் எதற்கென்று கேளுங்கள். பிசியோதெரபி, எடைக் குறைப்பு பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆபரேஷன் தேதி கேட்கும் டாக்டரிடம் நான் என் அம்மாவை விடமாட்டேன். அப்புறம், "புத்தூர் கட்டு" போர்டைக் காட்டிச் சொந்தக்காரர் யாராவது இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பார். தேய்மானத்துக்குக் கட்டு எதற்கு?

கையில் பணம் இல்லையென்றால் தயங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்., கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி மூன்றிலும் எலும்புத் துறை பெரியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அங்கேயும் டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகத்தான் இருப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. கிழமை உண்டு. முதலில் போன அதே கிழமையில் மறுபடி போனால் அதே டீம் பார்க்கும். கிழமை மாறினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.