ருசி கெடாமல் எதை மாற்றலாம்? சமையல் கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் கேக் செய்முறையில் மாவும் சர்க்கரையும் சம அளவு. சர்க்கரையைப் பாதியாக்கினேன். கேக் வறண்டுவிட்டது, நிறமும் வரவில்லை. ஏன்?

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், கேக்கை மிருதுவாக்குவதும், மேலே பொன்னிறம் ஏற்றுவதும் அதுதான். ஒரேயடியாகப் பாதியை எடுத்தால் இந்த மூன்றும் அடிபடும். 200 கிராம் என்றால் முதலில் 150-க்கு வாருங்கள். கால் பங்கு குறைந்ததை வீட்டில் பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நன்றாக வந்தால் அடுத்த முறை இன்னும் 20 கிராம் குறையுங்கள். கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்தால் ஈரம் நிற்கும். அதில் இனிப்பும் உண்டு என்பதால் சர்க்கரை குறைந்தது தெரியாது. மாவு தளர்ந்தால் பாலைக் குறையுங்கள். அதே நாளில் எண்ணெய், மாவு என்று வேறு எதையும் மாற்ற வேண்டாம். கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன் நல்லதுதானே?

தேனும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனமும் குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனைச் சேர்த்தே சொல்கிறது. மணம் பிடித்தால் போடுங்கள், அளவோடு.

கேள்வி: மைதாவை விட்டு முழுக் கோதுமைக்கு மாறினேன். பிள்ளைகள் தொடுவதே இல்லை.

பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். தவிடு நீரை இழுப்பதால்தான் கேக் கரடுமுரடாகிறது. கோதுமை மாவைப் பாலில் 15 நிமிடம் ஊறவிட்டு, மைதாவையும் பேக்கிங் பவுடரையும் கடைசியில் சேருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பால்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைத்தால் சூப் சப்பென்று இருக்கிறது என்கிறார். சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.

சாதாரண உப்பே போதும், போடும் விதத்தை மாற்றுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் சிறு தீயில் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு சேர்ந்தால் குறைந்த உப்பே எடுப்பாகத் தெரியும். சூப் கட்டி, சோயா சாஸ் போடுகிறீர்களா? அவற்றிலேயே உப்பு நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சில வாரங்களில் அப்பாவின் நாக்கு பழகிவிடும், விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: சூப்பில் கிரீமுக்குப் பதில் தயிர் ஊற்றினேன், திரிந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி சூடான சூப்பைத் தயிரில் விட்டு அடித்து, அப்புறம் ஊற்றுங்கள். மறுபடி கொதிக்கக் கூடாது.

கேள்வி: வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றலாமா?

கேக்கில் தாராளமாக. வெண்ணெயில் சுமார் பாதி நிறைவுற்ற கொழுப்பு (ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை), சூரியகாந்தி எண்ணெயில் 10 சதவீதம் அளவுதான். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், அதனால் அது இங்கே உதவாது. வெண்ணெயில் நீரும் இருப்பதால் 100 கிராமுக்கு 80 கிராம் எண்ணெய் போதும். கலோரி மட்டும் பெரிதாகக் குறையாது. வாயில் கரையும் வெண்ணெய் பிஸ்கட்டில் கை வைக்காதீர்கள், அதன் உயிரே வெண்ணெய்தான். அதைச் சின்னதாக வெட்டிச் சுட்டு, எப்போதாவது சாப்பிடுங்கள்.