முதுகில் போட்ட ஊசி: மயக்க மருந்து பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சிசேரியன் ஆகி நாலு வருஷம் ஆகிறது. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "அன்னிக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொல்கிறார். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். தண்டுவடம் பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். அங்கே உள்ள திரவத்தில் மரத்துப்போகச் செய்யும் புபிவகெய்ன் மருந்து சுமார் 2 மி.லி. கலக்கிறது, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கலாம்.

இந்தச் சந்தேகம் ஊர்ப்பேச்சு மட்டும் அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரசவமான 11,701 பெண்களிடம் விசாரித்து 1990-ல் வெளியான ஆய்வு, எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க, தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறை) போட்டுக்கொண்டவர்களிடம் முதுகுவலி அதிகம் என்றது. ஆனால் எபிடியூரல் கேட்டு வாங்குபவர்களில் நீண்ட, கடினமான பிரசவம் கண்டவர்கள் அதிகம். வலி ஊசியால் வந்ததா, பிரசவத்தால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு பிரிட்டனில், யாருக்கு எபிடியூரல், யாருக்கு வேறு வலிநிவாரணி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஆய்வுகள் நடந்தன. 2002-ல் வெளியான அவற்றின் முடிவில், மாதங்கள் கழித்தும் இரு தரப்பின் முதுகுவலியிலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. எபிடியூரல் ஊசி உங்களுக்குப் போட்டதைவிட இரண்டு, மூன்று மடங்கு தடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு இணைப்புகள், விலகிய வயிற்றுத் தசை, குழந்தையை ஒரே பக்க இடுப்பில் தூக்குவது, முதுகு வளைத்துப் பால் கொடுத்தது: காரணத்தை இங்கே தேடுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் வயிற்றுத் தசைப் பயிற்சி கேளுங்கள். கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்பைனல் போட்டபின் 24 மணி நேரம் தலையணை கூடாது, தலையைத் தூக்கினால் தலைவலி வரும் என்றார்கள். தங்கை அப்படியே படுத்திருந்தும் மூன்றாம் நாள் தாங்க முடியாத தலைவலி. ஏன்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தலையணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படுக்க வைப்பதால் இந்தத் தலைவலி தடுக்கப்படுவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். பழக்கம்தான் போக மறுக்கிறது.

தண்டுவடத்தைச் சுற்றிய உறையில் ஊசி போட்ட ஓட்டை வழியே திரவம் கசிவதே காரணம். உட்கார்ந்தால், நின்றால் வலி ஏறும், படுத்தால் இறங்கும். பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கும். 1898-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் அகஸ்ட் பியர் இந்த முறையைச் சோதிக்க, உதவியாளரைத் தன் முதுகிலேயே குத்தச் சொன்னார். சிரிஞ்சு ஊசியில் சரியாகப் பொருந்தாமல் திரவம் ஒழுகியது. பல நாள் தலைவலியோடு கிடந்தார்.

ஊசியின் நுனிதான் இதில் முக்கியம். வெட்டு நுனி ஊசி உறையை அறுக்கும். பென்சில் நுனி ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். 110 ஆய்வுகள், 31,412 பேரை ஒன்றுசேர்த்து 2018-ல் வெளியான கணக்கில், வெட்டு நுனியில் தலைவலி 11 சதவீதம், பென்சில் நுனியில் 4.2. விலை கூடுதல் என்பதால் எல்லா இடத்திலும் வாங்கிவைப்பதில்லை. அறுவைக்கு முன்பே கேட்டுவைப்பதில் தவறில்லை.

தங்கைக்கு: தண்ணீர், பாராசிட்டமால், காபி. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். எழுந்திருக்கவே முடியாவிட்டால், கையிலிருந்து எடுத்த அவருடைய ரத்தத்தையே 15-20 மி.லி. எபிடியூரல் இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். பலருக்குச் சீக்கிரமே பலன் தெரியும். காய்ச்சல், கழுத்து விறைப்பு, வலிப்பு, பார்வைக் கோளாறு, படுத்தாலும் குறையாத வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு நோய் இருக்கலாம். காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதப் பையனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?
- வாசகி, ஓசூர்

பதில்: இதே ஆபரேஷனை வைத்தே சோதித்திருக்கிறார்கள். ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு விழிப்பிலேயே கீழ்ப்பகுதி மரத்துப்போகும் ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2019-ல் முடிவு வெளியானது. அவர்கள் மயக்கத்தில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நீண்ட மயக்கத்துக்கும் திரும்பத் திரும்பத் தருவதற்கும் இந்த முடிவு பொருந்தாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2016-ல் எச்சரித்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை. பொதுவான விதி: தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், பவுடர் பால் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். "பாவம், அழுகிறானே" என்று பாட்டி ஊட்டும் ஒரு பாலாடை, வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். மூச்சுக்குழல் சில வாரம் எரிச்சலோடு இருக்கும். மயக்கத்தில் குரல்வளை இறுகிக்கொள்ளும் ஆபத்து கூடும்.

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றியபின் அப்பாவுக்கு வெறும் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் தருகிறார்கள். மார்ஃபின் வேண்டாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வெறும் என்று சொல்லாதீர்கள். டென்மார்க்கில் இதே அறுவைக்குப் பின் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. பாராசிட்டமால் 1 கிராம் மட்டும் பெற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் 36 மி.கி. அதோடு ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சேர்த்தவர்களுக்கு 20. ஐபுப்ரோஃபென் மட்டும் பெற்றவர்களுக்கு 26. ஆக, பெரிய பங்கு ஐபுப்ரோஃபெனுடையது. ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வலி வந்தபின் தேடாமல் எழுதிக்கொடுத்த நேரத்துக்குக் கொடுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றால் இன்னும் குறைவாகவே தர வேண்டும்.